நாற்பத்தேழாம் படிவம்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அப்பா, "கோர்ட்டுல இருக்கா" என்று மட்டும் சொல்வார். வக்கீலா, ஜட்ஜா என்ற அடுத்த கேள்வி வருவதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பேச்சை மாற்றிவிடுவார். ஒரே குற்றத்துக்கு வசதி உள்ளவரையும் இல்லாதவரையும் நீதிமன்றம் ஒரே மாதிரி நடத்துகிறதா என்று நான் ஆராய்கிறேன் என்று சொன்னால், இதிலே ஆராய என்ன இருக்கிறது, ஊருக்கே தெரிந்ததுதானே என்று அவர்கள் திருப்பிக் கேட்டுவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. அப்படி முதலில் கேட்டவரே அவர்தான்.

அந்த ஆய்வுக்காகச் சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்தேன். தஞ்சாவூரிலிருந்து கொள்ளிடக் கரைப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் எங்கள் ஊரைத் தாண்டி அரை மணி நேரம் போனால் ஒரு சின்ன நீதிமன்றம். அங்கே தினமும் காலையில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு படிவம் நிரப்புவேன். படிவத்தில் முப்பத்தொரு கட்டங்கள். வழக்கறிஞர் உண்டா, எத்தனை நிமிடம் விசாரித்தார்கள், ஜாமீன் கிடைத்ததா, குற்றம் சாட்டப்பட்டவர் வருத்தம் காட்டினாரா என்று போகும். பெயர் மட்டும் எழுதக் கூடாது. ஆய்வு நெறி அப்படி. ஆளுக்கு ஓர் எண்தான். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. யாரையும் காட்டிக்கொடுக்காதவள் என்ற பெருமை.

முதல் வாரம் என்னை மேலிடத்திலிருந்து சோதனைக்கு வந்தவள் என்று பெஞ்ச் கிளார்க் நினைத்துக்கொண்டார். மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி, பதினோரு மணிக்கு டீ, சரியான நேரத்துக்கு நீதிமன்றம். நான் வெறும் ஆராய்ச்சிக்காரி என்று தெரிந்த மறுநாள் நாற்காலி சுவரோரம் நகர்ந்தது. டீ நின்றது. எட்டாம் நாள் நீதிமன்றம் பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது. என் வழிகாட்டியான பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது, அந்த முதல் வாரப் படிவங்களைக் கிழித்துப் போடச் சொன்னார். டீக்காகவாவது ஒரு வாரத்தை வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

படிவத்தில் நானாகச் சேர்த்த கட்டம் ஒன்று உண்டு: செருப்பு. நீதிமன்றத்துக்குள் செருப்போடு வரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் கூலி வேலை செய்கிறவர்கள் வாசற்படியில் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். அங்கே அவர்களை யாரும் தடுக்கவில்லை, அவர்களாகவே கழற்றுகிறார்கள். லாரி வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர் எல்லாம் செருப்புச் சத்தத்தோடு உள்ளே வருவார்கள். பேராசிரியர் இந்தக் கட்டத்தைப் பார்த்து, நீ காலணி ஆராய்ச்சிக்கா போனாய் என்று கேலி செய்தார். அப்பாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கோர்ட்டு என்ன கோயிலா, ஏன் கழட்டணும்? நானா இருந்தா போட்டுக்கிட்டுத்தான் போவேன்."

அந்த நாட்களில் அப்பாவின் கவலை வேறு. குறுவை அறுத்தாகிவிட்டது, சம்பா நடவுக்கு வயலைத் தயார் செய்ய வேண்டும். எங்களுக்கு வாய்க்கால் ஓரமாக ஒரு மூலைத் துண்டு உண்டு. டிராக்டர் இறங்காது. மாடு கட்டிப் பரம்படித்துத்தான் சேற்றைச் சமப்படுத்த முடியும். அதற்கென்று வருடா வருடம் ஒருவர் வருவார். எங்கள் ஊருக்கு அடுத்த ஊருக்கும் அப்பால், கொள்ளிடத்தை ஒட்டிய குடியிருப்பு. சொந்தமாக வண்டியும் மாடும் வைத்திருப்பதால் வண்டிக்காரர். வைக்கோல் ஏற்றுவது, எரு அடிப்பது, கொல்லைப்புறத்தில் ஏதாவது கட்டினால் மண், செங்கல் கொண்டுவருவது எல்லாம் அவர்தான். இந்தத் தடவை ஆளே வரவில்லை. அப்பாவின் போனில் 'வண்டிமாடு' என்று பதிந்து வைத்திருந்த எண்ணைக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் புலம்பல்தான்.

"பாத்ரூம் பூச்சுக்கு ஒரு வண்டி மணல் கேட்டேன், அதுவும் வரல. பரம்படிக்கவும் ஆளக் காணோம். துபாய்க்குப் போயிட்டானா என்னன்னு தெரியல."

மாட்டையும் கூட்டிக்கொண்டா போனார் என்று அம்மா கேட்டாள்.

இனி நாற்பத்தேழாம் படிவம். அன்று இரண்டு மணல் வழக்குகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது லாரி. ஓட்டுநரைப் பிடித்திருந்தார்கள். லாரியின் உரிமையாளர் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. வழக்கறிஞர் ஏழு நிமிடம் பேசினார், ஜாமீன். இரண்டாவது மாட்டு வண்டி. டவாலி வெளியே போய், வண்டி ஓட்டியவரின் பெயரை அவருடைய அப்பா பெயரோடு சேர்த்து மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார். அறுபது வயதிருக்கும் ஒருவரைப் போலீஸ்காரர் கூட்டிவந்தார். வாசற்படியில் அவர் செருப்பைக் கழற்ற நின்றார், போலீஸ்காரர் அதட்டினார், ஆனாலும் கழற்றிவிட்டே வந்தார். நான் செருப்புக் கட்டத்தில் சந்தோஷமாக ஒரு டிக் போட்டேன். அரசு ஏற்பாடு செய்த வழக்கறிஞர் இரண்டு நிமிடம் பேசினார். வயதானவர் ஒரு தடவை நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார். உடனே தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அங்கிருந்து கூட்டிப்போகும் வரை நிமிரவே இல்லை. 'வருத்தம் காட்டினாரா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினேன். 'மிகவும்' என்றும் ஓரத்தில் சேர்த்தேன்.

நீதிபதி அவருக்கும் ஜாமீன் கொடுத்தார். நீதிபதி ஒரு பெண், என்னைவிட வயதில் சின்னவர், கண்டிப்பானவர் என்று பெயர். இருவருக்கும் ஒரே நிபந்தனை: இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும், அந்த ஜாமீன்தாரர்களுக்குத் தங்கள் பெயரிலேயே நிலமோ வீடோ இருக்க வேண்டும். லாரிக்கு ஆம், மாட்டு வண்டிக்கும் ஆம். பஸ்ஸில் வரும்போதே பேராசிரியருக்குச் செய்தி அனுப்பினேன்: நிமிடத்தில் வித்தியாசம் இருக்கிறது, செருப்பில் இருக்கிறது, ஆனால் ஜாமீனில் ஏற்றத்தாழ்வு இல்லை. இதை அனுப்பிய என் விரலை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

பத்து நாள் கழித்து ஒரு காலை, கொல்லைப்பக்கம் ஓர் அம்மாள் வந்து நின்றாள். கையில் மஞ்சள் பை. வண்டிக்காரரின் மனைவி என்று அம்மா சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். அப்பா வந்ததும் வராததுமாக, மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போனான் என்று ஆரம்பித்தார். அவள் சொன்னாள்: "மண்ணு கேஸுல உள்ள இருக்காங்கய்யா. மூணு வாரமாச்சு."

அதுவரை ஓயாமல் பேசிய அப்பா வாயை மூடிக்கொண்டார். அதை நான் அப்போது கவனித்தேன், காரணம்தான் யோசிக்கவில்லை. என் கவனம் எல்லாம் அந்த அம்மாள் அடுத்துச் சொன்னதில் இருந்தது. சிறையில் பார்க்கப் போனபோது கணவர் சொன்னாராம், நம்ம ஐயா வீட்டுப் பாப்பா கோர்ட்டிலே சுவரோரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது என்று.

பாப்பா என்பது நாற்பத்தொரு வயதான நான். சின்ன வயதிலிருந்து அவரை வயலில்தான் பார்த்திருக்கிறேன். தலைப்பாகை, இடுப்பில் துண்டு, முழங்கால் வரை சேறு. சேறில்லாமல் சட்டை போட்டு நின்றதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. டவாலி மூன்று தடவை கூப்பிட்ட பெயரும் உதவவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனாலும் ஆராய்ச்சிக்காரிக்கு ஒரு பிடி இருந்தது. உள்ளே ஓடிப்போய்ப் படிவத்தை எடுத்துவந்து அவளிடம் காட்டினேன். அவருக்குத்தான் ஜாமீன் கிடைத்துவிட்டதே, இதோ எழுதியிருக்கிறேனே என்றேன்.

அவள் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கெடச்சிடுச்சுன்னு தாளு சொல்லுது பாப்பா. ஆளு வரலியே."

பிறகுதான் விவரம் வந்தது. அவர்கள் குடியிருப்பது கோயில் மனை. வீடு அவர்கள் கட்டியது, அடியில் இருக்கும் மண் சாமிக்குச் சொந்தம். அண்ணன் வீடும் அப்படித்தான், மச்சான் வீடும் அப்படித்தான், தெருவே அப்படித்தான். பரம்பரையாக அங்கே வாழ்ந்தும் ஒருவர் பெயரில்கூடப் பட்டா கிடையாது. யாரைக் கூட்டிப்போனாலும் கிளார்க் திருப்பி அனுப்பிவிட்டார். லாரி ஓட்டுநர் அன்று சாயங்காலமே வெளியே வந்துவிட்டார். வண்டியும் மாடும் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில். அவள் தினமும் வைக்கோல் சுமந்துபோய்ப் போட்டுவிட்டு, அங்கிருந்து வேலைக்கு ஓடுகிறாள். மாடு இரண்டும் எலும்பாகிவிட்டன என்று சொல்லும்போது மட்டும் அழுதாள்.

எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு கட்டம் போட்ட எனக்கு, ஆள் வெளியே வந்தாரா என்று ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை.

பேராசிரியரைக் கூப்பிட்டேன். ஆய்வில் உள்ள ஒரு நபரின் வழக்கில் ஆய்வாளர் தலையிடக் கூடாது என்று அவர் நிதானமாக எடுத்துச் சொன்னார். நான் போனை வைப்பதற்குள் அப்பா பீரோவைத் திறந்து பட்டாவை எடுத்துவிட்டார். வீடு அம்மா பெயரில், தாத்தா எழுதிவைத்தது. அதனால் அம்மா வீட்டு வரி ரசீதைத் தேடிக்கொண்டிருந்தாள். தலையிட்டது நானல்ல என்று பேராசிரியருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.

மறுநாள் அப்பா கஞ்சி போட்ட வேட்டியும் இஸ்திரிச் சட்டையுமாக, அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தம்முடைய பட்டாவைப் பார்த்தால் நீதிபதி எழுந்து நிற்பார் என்று நினைத்த மாதிரிதான் நடை இருந்தது. நீதிமன்ற வாசற்படிக்கு வந்தார். ஒரு கணம் நின்றார். செருப்பைக் கழற்றினார். அப்பா, என்று மெதுவாகக் கூப்பிட்டேன். காலில் சேறு இருக்கிறது என்றார். சேறெல்லாம் இல்லை.

பத்திரங்களில் குறை இல்லை. நீதிபதி அவற்றைப் புரட்டிவிட்டு, இந்த ஆளை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார். முப்பத்திரண்டு வருடமாக என்று அப்பா மார்பை நிமிர்த்திச் சொன்னார்.

"அவர் பேர் சொல்லுங்க."

அப்பாவின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். எண் நாற்பத்தேழு என்பதுதான் எனக்கும் முதலில் நாக்கில் வந்தது. "வண்டிக்காரருங்க" என்றார் கடைசியில்.

"அவங்க அப்பா பேரு?"

அதுவும் தெரியவில்லை. நீதிபதி அம்மா பக்கம் திரும்பினார். அம்மா யோசித்தாள். "பேர் தெரியாதுங்கம்மா. கத்திரிக்காய் அவருக்கு ஒத்துக்காது. அரிப்பு எடுக்கும்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்களுக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பவர்கள் உண்டு, அந்த வகையில் அவர் நிறைய ஏமாந்திருக்க வேண்டும். ஜாமீனுக்கென்றே வருகிற ஆட்களைத் தமக்கு நன்றாகத் தெரியும் என்றும், அடுத்த தடவை பெயராவது தெரிந்துகொண்டு வரும்படியும் சொல்லிப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று தலைமுறையாகப் பயிர் செய்கிற என் அப்பாவைக் கூலிக்கு வந்த ஜாமீன்தாரர் என்று ஒரு நீதிமன்றம் நினைத்துவிட்டது. படிவம் நிரப்புவதா வேண்டாமா என்று நான் சுவரோரம் தவித்தேன்.

வெளியே வந்ததும் அப்பா, வாசலில் காத்திருந்த வண்டிக்காரரின் மனைவியிடம் நேராகப் போய், அவன் பேர் என்ன என்று கேட்டார். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. சொல்லு, நேரமாகுது என்று அப்பா பொறுமை இழந்தார். அவர் பெயரை உரக்கச் சொல்லத் தெரிந்த டவாலி நான்கடி தள்ளி நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய, இரண்டு பெயரையும் படித்தார். மறுபடியும் படித்தார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் விடுமுறை. அந்த இரண்டு நாளும் எங்கள் வைக்கோல் போரிலிருந்து கட்டு கட்டி, டிவிஎஸ்ஸில் வைத்து, ஸ்டேஷனுக்குத் தாமே கொண்டுபோனார். பல் தேய்க்கும்போது அந்தப் பெயர் கேட்டது. காபி ஆற்றும்போது கேட்டது. வண்டிக்காரருடைய அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்று அம்மாவிடம் சந்தேகம் கேட்டார். திங்கட்கிழமை கூண்டு ஏறியதும் நீதிபதி கேட்பதற்கு முன்பே இரண்டு பெயரையும் ஊரையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டார். அம்மாவும் பிழையில்லாமல் சொன்னாள். நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலமே வண்டிக்காரர் வெளியே வந்தார். இரண்டு நாளில் மாடும் கைக்கு வந்தது.

அந்த வாரக் கடைசியில் எங்கள் மூலைத் துண்டில் பரம்பு ஓடியது. அவரும் மாடும் இளைத்திருந்தார்கள். அப்பா எனக்கு எதிர் வரப்பில் குடை பிடித்து நின்று, வழக்கம்போல "ஏ வண்டி" என்று ஆரம்பித்து, நிறுத்தி, அவருடைய பெயரையும் அவருடைய அப்பா பெயரையும் சேர்த்து முழுசாகக் கூப்பிட்டார். அப்படித்தான் மனப்பாடம் செய்திருந்தார், தனியாக ஒன்றை மட்டும் எடுக்க வரவில்லை. வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "டவாலி கூப்புடுற மாதிரியே இருக்கு பாப்பா. திரும்ப உள்ள போவணுமோன்னு நெனச்சேன்."

நான் படிவத்தோடு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய பெயரை அதில் எழுதவில்லை, எண்தான் போட்டிருக்கிறேன், யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று பெருமையோடு சொன்னேன். "அதுலயும் பேரு இல்லையா?" என்றார். குத்திக் காட்டினாரா, உண்மையாகவே கேட்டாரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

படிவத்தைத் திருத்த வேண்டும் என்று, அன்று நீதிமன்றத்தில் ஏன் அப்படித் தலையைக் குனிந்துகொண்டீர்கள் என்று கேட்டேன். செய்ததை நினைத்து வருத்தமா என்றேன். அவர் எதிர் வரப்பைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மணலு யாருக்குன்னு ஸ்டேஷன்ல ரெண்டு நாளு கேட்டாங்க பாப்பா. எனக்குத்தான்னு சொல்லிட்டேன். கோர்ட்டுல நிமுந்து பாத்தா நீங்க உக்காந்திருக்கீங்க. என்னைய பாத்துட்டுப் பேசிட்டீங்கன்னா ஐயா பேரு வெளிய வந்துடுமேன்னுதான் குனிஞ்சுக்கிட்டேன்."

பாத்ரூம் பூச்சுக்கு அப்பா கேட்ட ஒரு வண்டி மணல். அந்த அம்மாள் மண்ணு கேஸ் என்றதும் அப்பா ஏன் வாயடைத்துப் போனார் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. லாரியின் உரிமையாளரைப் போலவே அப்பாவும் என் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. இரண்டு நாள் கேட்டும் இவர் அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. ஒரு தடவை கேட்டதற்கு அப்பாவால் இவர் பெயரைச் சொல்ல முடியவில்லை.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று பிறகு இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். எழுதிக்கொள், பேர் மட்டும் போடாதே என்றார் அப்பா. வண்டிக்காரரும் அதையேதான் சொன்னார், ஆனால் அவர் சொன்னதும் தம் பெயரைப் பற்றி அல்ல, அப்பாவின் பெயரைப் பற்றித்தான்.

அன்று வரப்பில் உட்கார்ந்தபடியே, நாற்பத்தேழாம் படிவத்தில் 'வருத்தம் காட்டினாரா' என்ற கட்டத்தில் இருந்த 'ஆம்' என்பதையும் ஓரத்தில் இருந்த 'மிகவும்' என்பதையும் அடித்தேன். அந்தக் கட்டத்துக்கு உரியவர் எதிரே குடையோடு நின்று, மூலையில் இன்னும் மேடு இருக்கிறது, இன்னொரு சுற்று ஓட்டு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.